ரிப்பன் மாளிகைக்கு ஓர் இட்லி விண்ணப்பம்

அனுப்புநர்:
சொத்து வரி பாக்கி இல்லாத ஒரு குடிமகன்,
மண்டலம் 6, திரு.வி.க. நகர்.

பெறுநர்:
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை, சென்னை – 3.

பொருள்: தூய்மைப் பணியாளர்களுக்கு இலவச இட்லி – நன்றி தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் வாசலில் போராடிய தூய்மைப் பணியாளர்களை அகற்றிய 2025 ஆகஸ்ட் 13 நள்ளிரவு நடவடிக்கை; மறுநாள் வெளியான அமைச்சரவை அறிவிப்பு.

மாட்சிமை பொருந்திய மாநகராட்சி அவர்களுக்கு,

ராத்திரி தூக்கி பஸ்ஸில் போட்டுவிட்டு விடிந்ததும் டிபன் அறிவிக்கிற விருந்தோம்பலை உலகில் வேறெந்த நகரமும் இதுவரை கண்டுபிடித்ததாகத் தெரியவில்லை. 1688இல் பிறந்து இந்தியாவின் மூத்த மாநகராட்சியாக விளங்கும் தங்களுக்குத்தான் இது வரும். நேற்றுப் பிறந்த மாநகராட்சிகளுக்கு அடிக்கத் தெரியும், இல்லாவிட்டால் சோறு போடத் தெரியும். இரண்டையும் ஒரே இரவுக்குள் முடிக்கும் பக்குவத்துக்கு முந்நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். தாங்கள் எதையும் செய்யவில்லை. அகற்றச் சொன்னது உயர்நீதிமன்றம். இழுத்துப் போனது காவல்துறை. இட்லி கொடுப்பதாகச் சொன்னது அமைச்சரவை. குப்பை அள்ளப்போவது தனியார் நிறுவனம். தாங்கள் வெள்ளை வெளேரென்று நின்றுகொண்டிருந்தீர்கள், அவ்வளவுதான். உள்ளாட்சியின் தந்தை என்று பெயரெடுத்த ரிப்பன் பிரபு பார்த்திருந்தால், தன் பெயரை இந்தக் கட்டடத்துக்கு வைத்தது வீண்போகவில்லை என்று பூரித்திருப்பார்.

அறிவிப்பில் 'காலை உணவு' என்றுதான் இருக்கிறது. இட்லி என்பது என் ஊகம். பொங்கலாகவும் இருக்கலாம், உப்புமாவாகவும் இருக்கலாம். கடிதத்தின் வசதிக்காக இட்லி என்றே வைத்துக்கொள்கிறேன். உப்புமாவை வைத்துத் தங்களைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

அவர்கள் கேட்டது என்ன என்பதையும் பதிவுக்காகச் சொல்லிவிடுகிறேன். ராயபுரம் (மண்டலம் 5), திரு.வி.க. நகர் (மண்டலம் 6) ஆகிய இரண்டு மண்டலங்களின் குப்பை வேலையைத் தனியாருக்குக் கொடுக்காதீர்கள், வருஷக்கணக்காக வேலை செய்யும் எங்களை நிரந்தரமாக்குங்கள் என்று கேட்டார்கள். நிரந்தரம் என்பது, அன்றைய ஆளுங்கட்சி அதற்கு முன் எதிர்க்கட்சியாக இருந்தபோது தேர்தல் அறிக்கையில் எழுதிக் கொடுத்ததுதான். மழையிலும் வெயிலிலும் 13 நாள் தங்கள் வாசல் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் பெண்கள். கடைசியில் நடைபாதை மறிக்கப்படுகிறது என்று ஒரு பொதுநல வழக்கு வந்தது. அனுமதியில்லாத இடத்தில் போராடக் கூடாது, சட்டப்படி அகற்றுங்கள் என்று உத்தரவும் வந்தது.

சென்னையில் நடைபாதை என்று ஒன்று இருப்பதும், அதில் மனிதர்கள் நடப்பதும், அந்த உத்தரவைப் படித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. எங்கள் தெரு நடைபாதையில் ஒரு மின்மாற்றி, ஒரு ஜூஸ் கடை, மூன்று புல்லட், எல்லாக் கட்சிக் கொடிக்கம்பங்களுக்கும் போட்ட சிமெண்டுத் திண்டு ஆகியவை நிரந்தரப் பணியில் இருக்கின்றன. அவற்றுக்கு யாரும் நள்ளிரவில் பஸ் அனுப்பவில்லை. இட்லியும் அறிவிக்கவில்லை. ஒருவேளை அவை சம்பளம் கேட்காததால் இருக்கலாம். தங்கள் வாசலில் ஓடும் அந்தச் சாலையின் பெயர் பெரியார் ஈ.வெ.ரா. நெடுஞ்சாலை. அதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. தாங்களும் சொல்லாதீர்கள்.

சுதந்திர தினத்துக்குச் சரியாக ஒரு நாள் பாக்கி வைத்து வேலை முடிந்தது. தொழிலாளர்களோடு நின்ற வழக்கறிஞர்களையும் சட்ட மாணவர்களையும் சேர்த்தே அள்ளினார்கள். மறுநாள் அவர்களை விடச் சொன்னதும் அதே உயர்நீதிமன்றம்தான். அன்று காலை ஊரில் பாதி 'கூலி' படத்துக்கு முதல் காட்சி வரிசையில் நின்றது. இந்தச் சிலேடையை ஊரே சொல்லித் தீர்த்துவிட்டதால் நான் தொடவில்லை.

அப்புறம் அமைச்சரவை கூடியது. தொழிலால் வரும் நோய்களுக்குச் சிகிச்சை, காப்பீடு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி, வீடு, சுயதொழில் தொடங்கக் கடனும் மானியமும், இவற்றோடு நமது இட்லி. மனம் குளிர்ந்தது. இவற்றில் எதையும் வேண்டாம் என்று சொல்ல நான் யார்? இருபது வருஷம் குப்பையில் கை வைத்தவருக்கு மருத்துவம் கசக்குமா? ஆனால் அந்தப் பட்டியலை எந்த மூலையிலிருந்து படித்தாலும் கேட்ட ஒன்று மட்டும் அதில் இல்லை. 'எனக்கு இந்த வேலை வேண்டும்' என்றவரிடம் 'நீ ஏன் ஒரு கடை வைத்துக்கொள்ளக் கூடாது' என்று கடன் பத்திரத்தை நீட்டும் நுட்பத்தை நான் வெகுநேரம் வியந்துகொண்டிருந்தேன்.

இனி இட்லிக் கணக்கு. தங்கள் கணக்குப் பிரிவின் நேரத்தை மிச்சப்படுத்த நானே போட்டுவிட்டேன். தொழிலாளர்கள் சொல்வது: இதுவரை கையில் வந்தது மாதம் சுமார் 23,000 ரூபாய். ஒப்பந்த நிறுவனத்துக்குப் போனால் 16,000 சொச்சம். குறைவது சுமார் 7,000. தாங்களே நடத்தும் அம்மா உணவகத்தில் 2013 முதல் இட்லி ஒரு ரூபாய். மாதம் 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால், போன சம்பளத்தை வயிற்றின் வழியாகவே ஈடுகட்ட ஒரு தொழிலாளி தினமும் காலையில் 269 இட்லி சாப்பிட வேண்டும். சட்னி சேர்க்கவில்லை. இத்தனையும் சாப்பிட்டுவிட்டு அவர் குனிந்து எப்படிப் பெருக்குவார் என்பதை மட்டும் தங்கள் பொறியாளர்கள் ஆராய வேண்டும். அந்த இட்லியை அவிக்கப்போவது யார் என்பதும் எனக்கு நெருடுகிறது. அதற்கும் ஒப்பந்தப்புள்ளி கோருவீர்கள்தானே? குறைந்த விலைக்கு ஊற்றுபவருக்கே மாவுக் கரண்டி.

தனியார் என்றதும் பதறுகிற ஆள் நான் இல்லை. கால் நூற்றாண்டாகப் பார்த்துக்கொண்டிருப்பதுதானே. 2000இல் ஓனிக்ஸ் வந்தது. நிறுவனம் போய் எத்தனையோ வருஷமாகியும் எங்கள் பக்கத்துப் பாட்டிகள் குப்பை லாரியை இன்றும் 'ஓனிக்ஸ் வண்டி' என்றுதான் சொல்கிறார்கள். பிறகு நீல் மெட்டல். பிறகு ராம்கி. பிறகு அர்பேசர் சுமீத். வண்டியின் பெயிண்ட் மாறியது, சட்டையின் கலர் மாறியது, ஒப்பந்தத் தொகையில் சைபர்கள் கூடின. குனிந்து பெருக்குகிறவரின் தெரு மாறவில்லை. அவருடைய சாதி மாறவில்லை. அந்த வேலையை மட்டும் எந்த நிறுவனம் டெண்டர் எடுத்தாலும் அதே வீடுகளிலிருந்துதான் ஆள் வருகிறது. இந்த ஒரு விஷயத்தில் தங்களிடம் நூறு சதவீத நிரந்தரப் பணி நடைமுறையில் இருக்கிறது, பாராட்டுகிறேன்.

என் மண்டலத்தின் பெயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1918இல் இந்தியாவின் முதல் தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம், இங்கே பெரம்பூர்ப் பக்கம் பி அண்ட் சி மில் தொழிலாளர்களை வைத்துத்தான் எழுந்தது. அதை வளர்த்தவர்களில் ஒருவர் திரு.வி. கலியாணசுந்தரனார். அவர் பெயரை ஒரு மண்டலத்துக்கு வைத்து, அந்த மண்டலத்துத் தொழிலாளர்களையே ஒப்பந்தக்காரர் கையில் கொடுக்கும் தீர்மானத்தை நிறைவேற்றத் தனித் துணிச்சல் வேண்டும். 1923இல் சிங்காரவேலர் இந்த ஊர்க் கடற்கரையில் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடினார். கூட்டம் நடந்த இரண்டு இடங்களில் ஒன்று உயர்நீதிமன்றத்துக்கு எதிரே. அன்றைக்கு யாரும் பொதுநல வழக்குப் போடவில்லை போலிருக்கிறது. பாவம், இட்லியும் கிடைத்திருக்காது.

நீதிமன்றம் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. ஆகஸ்ட் 19 அன்று உச்சநீதிமன்றம், உத்தரப் பிரதேசத்தில் வருஷக்கணக்காகத் தற்காலிகமாகவே வைத்திருந்த ஊழியர்களின் வழக்கில் ஒரு தீர்ப்புச் சொன்னது. அரசு என்பது அரசியல் சட்டப்படியான முதலாளி, அன்றாட அடிப்படை வேலைகளைச் செய்பவர்களின் முதுகில் தன் பட்ஜெட்டைச் சரிக்கட்டக் கூடாது என்பது அதன் சாரம். அதற்கு முந்தைய டிசம்பரிலும், மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவு வேலை பார்த்தவர்கள் உள்ளிட்டோர் தொடுத்த ஜக்கோ வழக்கில், நீண்டகாலம் தற்காலிகம் என்ற பெயரில் வேலை வாங்கும் வழக்கத்தைக் கண்டித்து அவர்களைப் பணிவரன்முறை செய்யச் சொன்னது. ஆகஸ்ட் 20 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தங்கள் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்தது. இடையில் ஒரே ஒரு நாள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸே டெல்லியிலிருந்து வந்து சேர ஏறக்குறைய ஒன்றரை நாள் எடுத்துக்கொள்கிறது. தீர்ப்பு வழியில் விஜயவாடாவில் இட்லி சாப்பிட இறங்கியிருக்கும்.

ஒரு நியாயம் சொல்ல வேண்டும். கடைசியாக வாங்கிய சம்பளம் குறையக் கூடாது என்றும் அதே உயர்நீதிமன்றத் தீர்ப்பில் இருக்கிறது. ஆக, 269 இட்லிப் பிரச்சினை நீதிமன்றத்துக்கும் உறைத்திருக்கிறது. சம்பளம் அப்படியே, முதலாளி மட்டும் வேறு. இதில் என்ன கெட்டுப்போயிற்று என்று தாங்கள் கேட்பது காதில் விழுகிறது. அந்தப் பெண்கள் 13 நாள் உட்கார்ந்திருந்ததே அந்தக் கேள்விக்காகத்தான். நாளைக்கு ஒருவர் கை முறிந்தால், வேலையிலிருந்து நிறுத்தப்பட்டால், பிஎஃப் கட்டாமல் விட்டால், கதவைத் தட்ட ஒரு வாசல் வேண்டும். நேற்றுவரை அது ரிப்பன் மாளிகை வாசல். நாளைக்கு எந்த ஊரில் எந்த மாடியில் எந்தக் கம்பெனியின் எந்த மேனேஜர்?

தாங்கள் கண்டுபிடித்திருப்பது மிக அழகான ஏற்பாடு. சம்பளம் வாங்குபவர் தொழிலாளி, கணக்குக் கேட்பார். இட்லி வாங்குபவர் பயனாளி, கும்பிடுவார். தொழிலாளியைத் தனியாருக்குக் கொடுத்துவிட்டுப் பயனாளியைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறீர்கள். படம் எடுக்கவும் வசதி.

ஆகஸ்ட் 23 விடியற்காலையில் கண்ணகி நகரில் ஒரு தூய்மைப் பணியாளர் வேலைக்கு நடந்து போனார். தெருவில் மழைத் தண்ணீர். தண்ணீரில் மின்சாரம். செத்துப்போனார். ஒப்பந்தத் தொழிலாளி. இட்லி வேளைக்கு இன்னும் நேரமிருந்தது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. ஊர் தூங்கும்போது வீட்டைவிட்டுக் கிளம்பி, நாம் வீசிய நாப்கினையும் உடைந்த பாட்டிலையும் கையால் பிரித்து, புயல் வந்தால் சகதியில் நின்று, கொரோனாவில் பிணவண்டிக்குப் பின்னால் மருந்தடித்து, 'முன்களப் பணியாளர்' என்று பூமாலை வாங்கியவர்கள் இவர்கள். அந்தப் பூவைப் பெருக்கியதும் இவர்கள்தான். இந்த முறை தமக்காக ரோட்டில் உட்கார்ந்தார்கள். அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் பெண்களுக்கு ஒரு கக்கூசுக்காவது தங்களுக்கு வழி தெரிந்ததா? நகரத்தின் அத்தனை கக்கூசையும் கழுவுகிறவர்கள் அவர்கள். வெட்கமாக இல்லையா உங்களுக்கு?

மன்னிக்கவும். காலையில் வெறும் வயிற்றோடு எழுத உட்கார்ந்தது தப்பு. மாட்சிமை பொருந்திய தங்கள் சமூகத்துக்கு இட்லியின் மென்மையோடு எழுதுவதாகத்தான் இருந்தேன்.

தாங்கள் காட்டிய வழியை நானும் பின்பற்ற விரும்புகிறேன். அடுத்த அரையாண்டு சொத்து வரி நோட்டீஸ் வந்ததும் தங்கள் வரி வசூலிப்பவரை வீட்டுக்குள் அழைத்து, நாற்காலி போட்டு, சூடாக நான்கு இட்லி வைத்து, மிளகாய்ப் பொடியும் நல்லெண்ணெயும் ஊற்றி உபசரிப்பேன். பாக்கி எவ்வளவு என்று அவர் கேட்டால் இன்னும் இரண்டு வைப்பேன். வரியைத் தவிர மற்ற எல்லாம் என்னிடம் கிடைக்கும்: காப்பீட்டு ஆலோசனை, அவர் பிள்ளைக்கு டியூஷன், சுயதொழில் யோசனை. நடைபாதையில் நின்று கேட்டால் மட்டும் பொதுநல வழக்குப் போடுவேன்.

இது எடுபடாது என்று தங்களுக்குத் தெரியும். வட்டியோடு வாங்கிவிடுவீர்கள். கேட்டது காசு, கொடுத்தது இட்லி என்ற வித்தியாசம் தங்களுக்குப் பிரமாதமாகப் புரியும், வாங்க வேண்டியவர் தாங்களாக இருக்கும்போது.

ஆகவே பணிவான வேண்டுகோள். 5, 6ஆம் மண்டலங்களைத் தனியாருக்குக் கொடுத்த தீர்மானத்தை மாமன்றத்தைக் கூட்டித் திரும்பப் பெறுங்கள். பத்து வருஷத்துக்கு மேல் இந்த ஊரைப் பெருக்கியவர்களுக்குத் தங்கள் முத்திரை போட்ட நிரந்தரப் பணி ஆணையைக் கொடுங்கள். உச்சநீதிமன்றத் தீர்ப்பைச் சட்டப் பிரிவுக்கு ஒரு நகல் அனுப்பிப் படிக்கச் சொல்லுங்கள். அந்த நடைபாதையிலிருந்து அள்ளப்பட்டவர்களில் யார் மீதாவது வழக்கு நிலுவையில் இருந்தால் அதையும் கைவிடச் சொல்லி அரசுக்கு எழுதுங்கள். காலை உணவைத் தொடர்ந்து கொடுப்பதும் கொடுக்காததும் தங்கள் விருப்பம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மண்டலம் 6, வரி செலுத்துபவர்.