"ர்ர்ரூம்": தொகுக்கப்பட்ட கணினி ஒன்றின் ஓசை குறித்து

தமிழில் தொகை நூல்களுக்கு ஒரு நல்ல வழக்கம் உண்டு. தொகுத்தவர் யார், தொகுப்பித்தவர் யார் என்று குறித்துவைத்துவிடுவார்கள். ஐங்குறுநூற்றைத் தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். தொகுப்பித்தவர் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை. இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மேசைக்கணினியும் ஒரு தொகைதான். மதர்போர்டு, ராம், எஸ்.எம்.பி.எஸ்., கேபினட் எனச் சென்னை ரிச்சி தெருவின் பல கடைகளில் உதிரியாகக் கிடந்தவை, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து ஒன்றுசேர்க்கப்பட்டன. தொகுத்தவர் மைத்துனர். தொகுப்பித்தவர் மாமனார். கடவுள் வாழ்த்தும் உண்டு. கேபினட்டின் நெற்றியில் சந்தனமும் குங்குமமுமாக இருப்பது ஆண்டுதோறும் ஆயுத பூஜையன்று புதுப்பிக்கப்படும்.

இத்தொகையிலிருந்து இரவு நேரத்தில் எழும் "ர்ர்ரூம்" என்னும் ஓசையின் பிறப்பிடம் யாது என்பதே ஆய்வு வினா. ஓசை தொடர்ச்சியானதன்று. எழும், தயங்கும், மீண்டும் எழும். மாதத்தின் முதல் பாதியில் அடங்கியும் பின்பாதியில் மிகுந்தும் காணப்படுவது இதன் தனி இயல்பு. திங்களின் தேய்பிறையோடு இதை இணைத்துப் பார்க்கும் ஆசை எழத்தான் செய்தது. பௌர்ணமியன்றும் அது கேட்டபடியால் அக்கருதுகோள் வீழ்ந்தது.

ஒலியின் பிறப்பு பற்றி முன்னோர் கூறாமல் இல்லை. உந்தியில் தோன்றும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகியவற்றில் நிலைபெற்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றைச் சார்ந்து எழுத்தொலியாகிறது என்பது தொல்காப்பியப் பிறப்பியலின் கொள்கை. இதைக் கேபினட்டுக்குப் பொருத்தினால் உந்தி எஸ்.எம்.பி.எஸ். விசிறி, நெஞ்சு பிராசசரின் மேல் அமர்ந்த விசிறி, மூக்கு பின்புறத்து விசிறி. நா மட்டும் இல்லை. இருந்திருந்தால் அதையே கேட்டிருக்கலாம். தார்க்கிகரோ ஒலி என்பது ஆகாயத்தின் குணம் என்பர். இதன்படி பழி, பாகங்களின் மேல் விழாமல் அவற்றுக்கு இடையிலுள்ள வெளியின் மேல் விழும். வெளிக்கு வாரண்டி கிடையாதாகையால் இக்கொள்கையைக் கைவிட நேர்ந்தது.

எனவே புதுப் பாகுபாடு ஒன்று தேவையாயிற்று. கணினி ஒலி சுழல்வன, சுழலாதன, குடிபுகுந்தன என மூவகைத்து.

சுழல்வன பற்றி அதிகம் சொல்லலாம், ஏனெனில் அவை கணக்குக்குக் கட்டுப்படும். ஏழு இறக்கை உள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 முறை சுற்றினால், நொடிக்கு 20 சுற்று, இறக்கைகள் காற்றை அறைவது 140 முறை. 140 ஹெர்ட்ஸ் என்பது ஏறத்தாழ ஒன்றரைக் கட்டை, சுருதி ஓர் இழை கூடுதல். நம் வீட்டு விசிறி பாடகர்கள் பலரின் சுருதியிலேயே பாடுகிறது என்பது இவ்வாய்வின் முதல் கண்டுபிடிப்பு. 7,200 சுற்றில் ஓடும் ஹார்ட் டிஸ்க் 120 ஹெர்ட்ஸில் உறுமும். ஒரே மாதிரி விசிறிகள் இரண்டு இருந்து, ஒன்று மற்றதைவிட நிமிடத்துக்குப் பதினேழு சுற்று கூடுதலாக ஓடினால் 140-உம் 142-உம் மோதி, நொடிக்கு இரண்டு முறை ஓசை ஏறி இறங்கும். தம்புராவின் இரு தந்திகள் சேராமல் நிற்கும்போது கேட்கிற அதே விம்மல். தம்புராவுக்கு மணி உண்டு, முறுக்கிச் சேர்க்கலாம். விசிறிக்கு வேறு வழி: பயாஸில் நுழைந்து ஒன்றின் வேகத்தை நன்றாகக் குறைத்து, இரண்டையும் ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் வைத்துவிட வேண்டும். கூட்டுக்குடும்பத்திலும் இது நடைமுறையில் உள்ளதே. விசிறியின் மலிவான பேரிங்கில் எண்ணெய் வற்றினால் வரும் கரகரப்பும், தொங்கும் ஒயர் ஒன்று இறக்கையைத் தொட்டால் வரும் "டர்ர்ர்"-உம் இவ்வகையில் அடங்கும். ஆனால் இவை பகல், இரவு, மாத முதல், மாதக் கடைசி பார்ப்பதில்லை.

சுழலாதனவற்றில் தலையாயது செம்புச் சுருளின் கீச்சொலி. கிராபிக்ஸ் கார்டிலும் எஸ்.எம்.பி.எஸ்.ஸிலும் உள்ள சுருள்களில் மின்னோட்டம் நொடிக்குப் பல்லாயிரம் தடவை ஏறி இறங்க, சுருளும் அதன் உள்ளீடும் நுண்ணளவில் துடிக்கும். காந்தப்புலத்தில் இரும்பின் நீளம் மாறுவதை ஜூல் 1842-லேயே கண்டு சொன்னார். மகள் விளையாட்டைத் தொடங்கி மெனுவில் காத்திருக்கையில், திரையில் ஒன்றுமே நடக்காதபோது, கார்டு நொடிக்கு நூற்றுக்கணக்கான படங்களை வெட்டியாக வரைந்துகொண்டு கீச்சிடும். வயது ஏற ஏற உச்ச அலைவெண்கள் காதைவிட்டுப் போவது இயற்கை. ஆகவே இப்பகுதிக்கான தரவு முழுவதும் பன்னிரண்டு வயது மகளிடமிருந்து பெறப்பட்டது. "அப்பா, இது கூடவா உங்களுக்குக் கேக்கல?" என்பது அவர் அளித்த வாக்குமூலம். வினா ஓசை கீச்சன்று, உறுமல். எனவே சுழலாதனவும் விடுவிக்கப்பட்டன.

குடிபுகுந்தன என்பவை பல்லிகள். கேபினட்டின் உள்ளே வெதுவெதுப்பு உண்டு, இருட்டு உண்டு, பூச்சிக்கும் குறைவில்லை. களப்பணியில் மாமியார் முதன்மைத் தகவலாளியாக அமைந்தார். "அது கம்ப்யூட்டர் இல்ல மாப்ளே, பல்லி. எந்தத் திசையில இருந்து சொல்லுதுன்னு பாருங்க, அப்புறம் பலன் சொல்றேன்." கவுளி சாஸ்திரத்தில் திசைக்கொரு பலன் உண்டு, கணினி தென்மேற்கு மூலையில் இருந்தது. எனினும் பல்லி "ச்சுச்சுச்சு" என்னுமே தவிர "ர்ர்ரூம்" என்பதில்லை. மாமியார் பலனை மாற்றிக்கொண்டார், பல்லியை மாற்றிக்கொள்ளவில்லை.

அடுத்தது ஆய்வு முறைமை. நம் வீடுகளில் சீலிங் ஃபேன் ஓடும்வரை வேறெதையும் கூர்ந்து கேட்க முடியாது. அது நிற்பது மின்தடையின்போதுதான். அப்போது கணினி மட்டும் யூ.பி.எஸ். தயவில் சில நிமிடம் உயிரோடிருக்கும். ஒலியாய்வாளருக்கு வாய்க்கும் ஒரே நல்ல நேரம் அது. அந்த நேரம் பார்த்து யூ.பி.எஸ். சில நொடிக்கொரு தரம் "பீப்" என்று கத்தும். இரண்டு பீப்புக்கு நடுவே காதைத் தீட்ட வேண்டும். பாரிஸ் மருத்துவர் லெனெக் 1816-இல் ஒரு தாளை உருளையாகச் சுருட்டி நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டதில்தான் ஸ்டெதாஸ்கோப் பிறந்தது. அம்முறையைப் பின்பற்றி, மகளின் அரையாண்டு கணக்கு வினாத்தாளைச் சுருட்டி ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கேபினட்டின் பாகம் பாகமாகவும் வைத்ததில் விசிறிகள் மூன்றும் ஒழுங்காகப் பாடுவது தெரிந்தது. வலப்பக்கத் தகட்டின் கீழ்ப் பின் மூலையில் மட்டும் தாள் நடுங்கியது. அங்கே உள்ளங்கையை அழுத்தியதும் "ர்ர்ரூம்" சட்டென்று நின்றது. கையை எடுத்ததும் வந்தது.

மாதக் கணக்கின் மர்மம் இங்கேதான் அவிழ்கிறது. அதே பக்கத்தில்தான் 25 கிலோ அரிசிச் சிப்பம் சாய்த்து வைக்கப்படும். மாத முதலில் அது தகட்டை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது. சோறு வடிய வடியச் சிப்பம் சரிகிறது, தகடு விடுதலை பெற்று விசிறிகளின் அதிர்வுக்கு ஆடத் தொடங்குகிறது. இக்கணினியின் ஓசை நிலவைச் சார்ந்ததன்று, மளிகையைச் சார்ந்தது.

தகடு ஏன் தளர்ந்தது? தொகுத்தவரை விசாரித்தோம். "ஸ்க்ரூ எல்லாம் போட்டாச்சு மாமா. வேணும்னா எண்ணிப் பாருங்க" என்றார். எண்ணினோம். எண்ணிக்கை சரி. வைசேடிகர் பதார்த்தங்களில் ஏழாவதாக அபாவத்தை, அதாவது இன்மையை, எண்ணுவர். இங்கு இல்லாதது திருகன்று, திருகின் பிடிப்பு. கேபினட் தகட்டுக்கும் பெரிய ஹார்ட் டிஸ்குக்கும் வழக்கமாக வருவது 6-32 என்னும் அங்குலக் கணக்குத் திருகு, தடிமன் சுமார் 3.5 மில்லிமீட்டர், மரை பெரியது. டிவிடி டிரைவுக்கும் எஸ்.எஸ்.டி.க்கும் உரியது எம்3, தடிமன் 3 மில்லிமீட்டர், மரை நெருக்கமானது. அவசரத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். எம்3 திருகை 6-32 துளையில் வைத்தால் தடையில்லாமல் போய் உட்காரும், மரையைக் கவ்வாது. பார்ப்பவருக்குத் திருகு இருக்கும், தகட்டுக்கு இருக்காது. மேல் மூலையில் சரியான திருகு, கீழ் மூலையில் எம்3. ஒயர்களைக் குறடால் இழுத்துக் கட்டும் அளவுக்குக் கவனமுள்ள ஒருவர் இதில் தவறியது, எல்லாத் திருகும் ஒரே பாண்ட்ஸ் டப்பாவில் கிடந்ததால்தான் என்று இவ்வாய்வு கருதுகிறது.

இடைக்கால ஏற்பாடாக அரிசிச் சிப்பம் மாதம் இருமுறை வாங்கப்படுகிறது. கணினியைத் திறந்து மூடும் வாசகர்கள் 6-32-ஐயும் எம்3-ஐயும் தனித்தனி டப்பாவில் போட்டு மேலே எழுதி வையுங்கள். பழைய கேபினட்டைப் பரணில் போட்டுவைத்திருப்பவர்கள், அதன் பின்புறத்திலிருந்து தடித்த திருகு ஒன்றைக் கழற்றி இவ்வாய்வாளருக்குக் கொடுத்துதவினால் இரண்டாம் பதிப்பின் நன்றியுரையில் உங்கள் பெயர் இடம்பெறும்.