ஏகமனதாக!

கேள்வி: கிராம சபையில் எல்லோரும் சமம்தானே? பிறகு ஏன் நாலு பேர் மட்டுமே பேசுகிறார்கள்?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: உசிலம்பட்டியில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்! உங்கள் பக்கத்துப் பாப்பாப்பட்டியிலும் கீரிப்பட்டியிலும் 1996-ல் ஊராட்சித் தலைவர் பதவியைத் தலித்துகளுக்கு ஒதுக்கினார்கள். வேட்புமனு போட ஆள் கிடைக்கவில்லை. தப்பித்தவறி ஜெயித்தவரும் பதவியேற்ற கையோடு ராஜினாமா எழுதிக் கொடுத்தார். 2006 வரை நாற்காலிக்குத் தீட்டுப் படாமல் அப்படியொரு காவல்!

பெண்களுக்கு 50 சதவீத ஒதுக்கீடு வந்தது. பல ஊர்களில் கையெழுத்து அம்மாவுடையது, பேச்சு வீட்டுக்காரருடையது. ஜனவரி 26, மே 1 என்று பெரும்பாலும் விடுமுறை நாளாகப் பார்த்துத்தான் சபையைக் கூட்டுகிறார்கள். களை பறிக்கப் போகிறவருக்கு ஏதய்யா விடுமுறை? வந்தால் அன்றைய கூலி போச்சு. தீர்மானப் புத்தகத்தைப் புரட்டுங்கள்: எல்லாமே 'ஏகமனதாக'!