நான் ஒருத்தன்தானே!

ஊட்டி தாவரவியல் பூங்காவில் அவரை நீங்கள் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. குரங்குக் குல்லாய், தோளில் பிளாஸ்க், கையில் கடலைப் பொட்டலம். 'புல்தரையில் நடக்காதீர்' பலகையைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முழுக்கப் படிப்பார். படித்த கையோடு புல்லில் இறங்குவார்.

காவலர் விசில் ஊதினால் கோபமே வராது. "விடுங்க தம்பி, நான் ஒருத்தன்தானே! யானையா நடக்குது?"

மண்ணைப் பற்றித் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். ஊரில் நிலம் இருக்கிறது. ஈரம் காயுமுன் டிராக்டரை இறக்கினால் மண் இறுகிப் போகும் என்று டிரைவருக்கு அரைமணி நேரம் வகுப்பெடுப்பார். அந்த அறிவு மேட்டுப்பாளையத்தோடு இறங்கிக்கொள்ளும், மலை ஏறாது.

1848-இல் மெக்ஐவர் என்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர் இங்கே வந்து சரிவுக்கேற்பப் பாதை வளைத்துப் பூங்கா அமைத்தார். நம்மவருக்கு வளைவு பிடிக்காது. எஸ்டிமேட், டெண்டர் எதுவும் இல்லாமல் நேர்கோட்டில் ஒரு பாதை போட்டுவிடுவார்.

நல்ல மண்ணில் ஏறக்குறையப் பாதி வெற்றிடம். காற்றும் நீரும் வேரும் புழுவும் குடியிருக்கிற பொந்துகள். மிதித்தால் அவை மூடிக்கொள்ளும். மழை உள்ளே போகாமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு சரிவில் ஓடும். இதில் வேடிக்கை என்னவென்றால், அதிகம் நசுக்குவது ஆயிரமாவது கால் அல்ல, முதலில் விழுகிற சில கால்கள்தான். அப்புறம் வருகிறவர்களுக்கு நசுக்க மிச்சமிருப்பது கொஞ்சம். ஆக, யானை வேண்டியதில்லை, இவரே போதும்.

அதே பூங்காவில் 2 கோடி ஆண்டுப் பழைய கல்மரம் ஒன்று கிடக்கிறது. மிதித்தாலும் நசுங்காத அந்த ஒன்றின் முன்னால் மட்டும் பயபக்தியோடு ஒதுங்கி நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்.

அடுத்த வருஷம் குடும்பத்தோடு வருவார். "பாதைதான் இருக்கே, எல்லாரும் நடக்கிறாங்களே!" முந்தின நாள் மழை. இறுகிய மண்ணில் தண்ணீர் இறங்காமல் ஒரே சேறு. "டிக்கெட்டுக்குக் காசு வாங்குறானுங்க, ஒரு பாதையை ஒழுங்கா வச்சிக்கத் தெரியல" என்று முணுமுணுத்தபடி வேட்டியைத் தூக்கிக்கொண்டு, ஓரத்துப் பச்சைப் புல்லில் பதமாகக் கால் வைப்பார்.

பின்னால் பேரன், மருமகள், சம்பந்தி வீட்டார் ஏழு பேர்.

விசில் கேட்கிறது. அவர் திரும்பாமலே கையை மட்டும் ஆட்டுகிறார்.