கோடைத் தோட்டமும் மேய்வோர் உரிமையும்: வெள்ளானூரை முன்வைத்து

வறட்சிக் காலத்தில் செடிக்கு ஊற்றும் ஒரு வாளித் தண்ணீர் கடைசியில் யார் வயிற்றில் போய்ச் சேர்கிறது என்பதே இவ்வாய்வின் வினா. ஆய்வுக் களம் ஆவடிக்கும் செங்குன்றத்துக்கும் நடுவே உள்ள வெள்ளானூர். வீடு எழும்பிய மனை, எழும்பாத மனை, கல் மட்டும் நட்ட மனை என்று கலந்து கிடக்கும் புறநகர் நிலம் இதற்கு மிகவும் தோது. காம்பவுண்டுக்கு உள்ளே செம்பருத்தி, வெளியே ஆடு, நடுவில் கொக்கி சரியாக விழாத ஒரு கேட்.

உலக அளவில் தோட்டத்தை மேய்வோரில் நாயகன் மான்தான். அமெரிக்கப் புறநகர்வாசிகள் வெள்ளைவால் மானிடமிருந்து ரோஜாவைக் காக்க, அழுகிய முட்டையில் செய்த மருந்தைக் காசு கொடுத்து வாங்கித் தெளிக்கிறார்கள். வெள்ளானூர்வாசி மானைப் பார்க்க வேண்டுமானால் கிண்டிக்குப் போக வேண்டும். 1978-இல் தேசியப் பூங்காவான கிண்டிக் காடு மூன்று சதுர கிலோமீட்டர்கூட இல்லை. அதை ஒட்டி 1959-இல் தொடங்கப்பட்ட ஐஐடி வளாகத்தில் புள்ளிமான்கள் சாலையில் பேராசிரியர்களுக்கு இணையாக நடமாடுகின்றன. அங்கே வீட்டு முன் செடி வைப்பவர் வேலியைத்தான் முதலில் வைக்க வேண்டும்.

மானின் இடத்தில் ஆட்டை வைப்பது முறையா என்று ஆய்வுக்குழு கேட்கலாம். முறைதான். இரண்டும் அசைபோடுபவை, இரண்டுக்கும் வயிறு நான்கு அறை. முக்கியமாக, இரண்டுக்கும் மேல் முன்வரிசைப் பற்கள் கிடையாது. கீழ்ப்பல்லுக்கும் மேல் ஈறுக்கும் நடுவே இலையைப் பிடித்துப் பிய்த்து இழுக்கும். அதனால் கடிபட்ட தண்டின் நுனி நார்நாராகப் பிசிறியிருக்கும். ரோஜா இலையின் ஓரத்தில் அச்சு வைத்து வெட்டியதுபோல் வட்டம் வட்டமாக வெட்டு இருந்தால் ஆட்டுக்காரரிடம் சண்டைக்குப் போகக் கூடாது. அது இலைவெட்டித் தேனீயின் கைவேலை.

சட்டம் மட்டும் இரண்டையும் ஒன்றாகப் பார்ப்பதில்லை. 1871-ஆம் ஆண்டின் கால்நடை அத்துமீறல் சட்டப்படி பயிரை மேய்ந்த ஆட்டைப் பிடித்துக் கால்நடைப் பட்டியில் அடைக்கலாம். அந்தச் சட்டம் சொல்லும் கால்நடைகளில் யானையும் ஒட்டகமும்கூட உண்டு, மான் இல்லை. மானுக்கு 1972-இன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் துணை நிற்கிறது; அதைப் பிடிக்கப் போனால் அடைபடுவது தோட்டக்காரராக இருக்கும். வெள்ளானூரில் எந்தச் சட்டமும் தேவைப்படுவதில்லை. வழக்கு கேட்டிலேயே முடிகிறது.

“ஏம்மா, உன் ஆடு பூச்செடிய மொட்டையடிச்சிட்டுப் போயிருக்கு பாரு.”

“வாயில்லா ஜீவன்க்கா, அதுக்கு இன்னா தெரியும்? நீங்கதான் கேட்ட சாத்தி வெக்கணும்.”

செடியை முழுசாகத் தின்றுவிட்டுப் போனதை வாயில்லாதது என்று வாதிடும் துணிச்சலை ஆய்வு வியப்புடன் பதிவு செய்கிறது.

இனி வறட்சி. 2018-இன் வடகிழக்குப் பருவமழை பொய்த்து, 2019 ஜூனில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய சென்னைக் குடிநீர் ஏரிகள் நான்கும் ஏறக்குறைய வறண்டன. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் குடிநீர் ரயிலேறி வில்லிவாக்கத்துக்கு வந்து சேர்ந்தது. அப்படிப்பட்ட கோடையில் காலி மனைப் புல் காய்ந்து வெறும் நாராகிவிடும். சத்தும் இருக்காது, ஈரமும் இருக்காது. அரிசி கழுவிய தண்ணீரைக் குடித்துத் துளிர்விட்ட செம்பருத்தியில் இரண்டும் இருக்கும். தனக்கு வேண்டிய தண்ணீரில் ஒரு பங்கை இலையிலிருந்தே தேற்றிக்கொள்ளும் பிராணிக்கு அந்தத் துளிர் சாப்பாடும் தண்ணீருமாக ஒரே பந்தி. தண்ணீர் ஊற்றுபவர் தன்னைத் தோட்டக்காரர் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். உண்மையில் அவர் சம்பளமில்லாத தீவன ஒப்பந்தக்காரர்.

கழுநீர் விவகாரம் தனி அத்தியாயத்துக்கு உரியது. அது முன்பு மாட்டுக்குப் போனது. பிறகு செடிக்குத் திருப்பப்பட்டது. மாடு அதைச் செடி வழியாக வசூலித்துக்கொள்கிறது. வாழைப்பழத் தோலையும் காய்கறிக் கழிவையும் தினம் கேட்டருகே வைத்துப் புண்ணியம் தேடும் வீடுகளே மாடு ஏன் இங்கேயே சுற்றுகிறது என்று அங்கலாய்ப்பதையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஆர்ஓ கழிவுநீரை ஊற்றுவோரும் உண்டு. போர்வெல்லின் உப்பையெல்லாம் திரட்டி வைத்திருக்கும் அந்தத் தண்ணீரைத் தொட்டிச் செடிக்குத் தொடர்ந்து ஊற்றினால் இலை நுனி கருகும். ஆட்டுக்கு மிச்சம் குறையும் என்பது மட்டுமே இம்முறையின் ஆதாயம்.

தடுப்பு முறைகளில் சாணக் கரைசலுக்கு அறிவியல் ஆதரவு இருக்கிறது. மேயும் பிராணிகள் சாணம் விழுந்த இடத்துப் புல்லைத் தவிர்க்கும். குடற்புழுவிலிருந்து தப்பிக்கும் வழி அது. ஆகவே சாணியைக் கரைத்து இலைமேல் தெளித்தால் ஆடு முகர்ந்துவிட்டு நகரும். பூப்பறிக்க வருபவரும் நகர்ந்துவிடுவார்.

செடியை மாற்றுவது இன்னொரு வழி. ஆடாதோடை, ஆடுதீண்டாப்பாளை என்று பெயரிட்டவர்கள் கள ஆய்வின் முடிவையே தலைப்பாக்கிவிட்டார்கள். ஆடாதோடையின் கசப்புக்கு வாசிசின் என்ற ஆல்கலாய்டுக்கும் பங்குண்டு. நொச்சி, அரளி, நித்தியகல்யாணி, கற்றாழை எல்லாம் இந்த வகையறா. கொஞ்சத் தண்ணீரில் தாக்குப்பிடிக்கும், எதுவும் வந்து கடிக்காது. இது தற்செயல் இல்லை. கோலி, பிரையன்ட், சாப்பின் என்ற மூவர் 1985-இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள்: வளம் குறைந்த இடத்தில் மெதுவாக வளரும் செடிக்கு இழந்த இலையை மீண்டும் உண்டாக்குவது கடினம்; அதனால் இருக்கும் இலையைக் கசப்பாலும் நஞ்சாலும் காத்துக்கொள்கிறது.

இந்தக் கொள்கைக்கு அடங்காதது முருங்கை. வறட்சியும் தாங்கும், இலையும் இனிக்கும். அதன் தற்காப்பு உயரம் மட்டுமே. பின்னங்காலில் நின்று எம்பினாலும் ஆட்டுக்கு ஓர் அளவுக்கு மேல் எட்டாது. ஆனால் ஆட்டுக்காரர் கையில் துறட்டி இருக்கிறது. புள்ளிமானுக்கு அப்படி யார் இருக்கிறார்கள் என்று கேட்பவர்கள் வட, மத்திய இந்தியக் காடுகளைப் பார்க்கலாம்: மரத்தில் மந்தி தின்று சிதறும் இலைக்கும் பழத்துக்கும் மான்கள் கீழே கூட்டமாகக் காத்து நிற்கின்றன. ஒப்பீடு இங்கேயும் பிசகவில்லை.