ராஜா நிரப்பிய இரண்டாவது கட்டம்

காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடை. முதலாளியின் பையன் எம்.பி.ஏ. முடித்து வந்ததும் சார்ட் பேப்பரில் நாலு கட்டம் போட்டான். ஸ்வாட் அனாலிசிஸாம்! பலம், பலவீனம், வாய்ப்பு, ஆபத்து. பலம் கட்டம் ஓரம் தாண்டி வழிந்தது. பலவீனம் கட்டத்தில் ஒரே வரி: 'பார்க்கிங் இல்லை.'

இந்த வியாதி ஊருக்குப் புதிதல்ல. கைலாசநாதர் கோயிலைக் கட்டிய ராஜசிம்ம பல்லவர், தன் பட்டப்பெயர்களையே 200-க்கு மேல் அங்கே வெட்டிவைத்தார். ராஜா ஒருத்தர், விசிட்டிங் கார்டு இருநூறு!

அப்புறம் சாளுக்கிய விக்கிரமாதித்தர் படையோடு வந்தார். கோயிலைப் பார்த்து அசந்துபோய், சொத்தை எல்லாம் திருப்பிக் கொடுத்துக் கன்னடத்தில் கல்வெட்டும் வைத்தார். நல்ல மனுஷன் என்கிறீர்களா? அவருடைய ராணி பட்டடக்கல்லில் அதே பாணியில் ஒரு கோயிலை எழுப்பிவிட்டார். பொன்னை விட்டுவிட்டு டிசைனைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்! பட்டுக்கடைக்காரர்களுக்கு இந்த வலி புரியும்.

ராஜசிம்மருக்கு முன்னோரான மகேந்திரவர்மர் மட்டும் இளைத்தவரா? குணபரன், சித்திரகாரப்புலி, மத்தவிலாசன்... மண்டகப்பட்டில் பாறையைக் குடைந்து, செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் மும்மூர்த்திகளுக்குக் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டு வைத்தார். இந்த நாலும் இல்லையென்றால் நம் கான்ட்ராக்டர் லெட்டர் கொடுத்துவிட்டு வேலையை நிறுத்துவார். ராஜா அதையே விளம்பரமாக்கி 'விசித்திரசித்தன்' என்று பெயரும் போட்டுக்கொண்டார்.

ஆபத்துக் கட்டத்தில் உட்கார்ந்திருந்தவர் சாளுக்கிய ராஜா புலிகேசி. பல்லவர் எங்கள் படை கிளப்பிய தூசியில் மறைந்து காஞ்சி மதிலுக்குள் பதுங்கினார் என்கிறது 634-ஆம் ஆண்டு ஐஹொளெ கல்வெட்டு. மகேந்திரர் புள்ளலூரில் முக்கிய எதிரிகளை ஒழித்தார் என்கிறது பல்லவர் செப்பேடு. எந்த எதிரிகளை? பெயர் இல்லை. ரிசல்ட் வந்த ராத்திரி இரண்டு கட்சி ஆபீஸிலும் பட்டாசு வெடிக்குமே, அந்தக் கதைதான்.

ஆனால் மகேந்திரர் பெரிய ஆள். ஏன் தெரியுமா? பலவீனம் கட்டத்தைத் தன் கையாலேயே நிரப்பினார். 'மத்தவிலாசப் பிரகசனம்' என்று ஒரு நாடகம் எழுதினார். கதை நடப்பது காஞ்சியிலேயே. ஒரு குடிகாரக் காபாலிகன் தன் கபால ஓட்டைத் தொலைத்துவிட்டு, புத்த பிட்சுதான் திருடன் என்று சட்டையைப் பிடிக்கிறான். கவ்விக்கொண்டு போனது ஒரு நாய்! நடுவே, பிட்சுவிடம் பணம் இருக்கிறது, கோர்ட்டு அதிகாரிகளின் வாயை அடைத்துவிடுவார் என்று காபாலிகனின் துணைவி புலம்புகிறாள். யாருடைய கோர்ட்டு? எழுதினவருடையதேதான்!

காந்தி ரோட்டுக்கு வருவோம். புடவை கொடுக்க வந்த வயசான நெசவாளி சார்ட்டை எட்டிப் பார்த்தார். "கரையை உடலோடு சேர்க்கிற கோர்வை போட எதிர்ப்பக்கம் நாடா தள்ள இன்னொரு ஆள் வேணும், தம்பி. என் பேரன் காலையிலேயே ஸ்ரீபெரும்புதூர் கம்பெனி பஸ் ஏறிடறான்."

பையன் அதை மளமளவென்று எழுதினான். முதலாளி பதறிவிட்டார்: "கஸ்டமர் பார்த்தா என்னடா நினைப்பாங்க?"

ராஜா தன் பலவீனத்தை நாடகமாகவே எழுதினார். முதலாளி சார்ட்டைச் சுருட்டி பீரோவில் வைத்துப் பூட்டினார்.