ஒன்றுக்கு மேல் ஒருமை

ஆங்கில இலக்கணத்துக்குக் கணக்கு வராது. நம்பாதவர்கள் 'மோர் தேன் ஒன்' என்று ஆரம்பித்து ஒரு வாக்கியத்தை முடித்துப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேல் என்றால் குறைந்தது இரண்டு; இரண்டு என்றால் பன்மை. ஆனால் 'மோர் தேன் ஒன் பெர்சன் இஸ்' என்று ஒருமையில் எழுதுவதுதான் சரியாம். அதே வாயால் 'ஃப்யூவர் தேன் டூ பீப்பிள் ஆர்' என்றும் சொல்ல வேண்டும். இரண்டுக்குக் கீழே ஒருவர் இருக்கலாம், அல்லது யாருமே இல்லாமல் இருக்கலாம். இல்லாத ஆளுக்குப் பன்மை, கூட்டமாக வந்தவர்களுக்கு ஒருமை!

எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். தண்ணீர் மோட்டார் மூன்றில் இரண்டு படுத்துவிட்டன. ஆங்கிலத்தில் அறிவிப்பு வேண்டும், ஆனால் எண்ணிக்கை தெரியக்கூடாது என்றார். தெரிந்தால் போன வருஷம் ரிப்பேருக்குக் கொடுத்த பணம் எங்கே என்று கேட்பார்கள். 'மோர் தேன் ஒன் மோட்டார் இஸ் அவுட் ஆஃப் ஆர்டர்' என்று எழுதிக் கொடுத்தேன்.

"இஸ்ஸா?" என்றார்.

"இஸ்தான் சார்."

"எக்ஸ் முழு எண். எக்ஸ் ஒண்ணைவிடப் பெரிசு. அப்போ எக்ஸ் குறைஞ்சது ரெண்டு. இதுல இஸ் எங்கேருந்து வருது?"

"வினைச்சொல் எக்ஸைப் பார்க்காது சார். பக்கத்துல நிக்கிற மோட்டாரைப் பார்க்கும். அது 'ஒன்'னோட ஒட்டிக்கிட்டு ஒருமையா நிக்குது. 'மோர் மோட்டார்ஸ் தேன் ஒன்'னு மாத்திப் போட்டா 'ஆர்' வந்துடும்."

"அப்போ ரிப்பேரான மோட்டார் அதேதான், வரிசை மாறினா எண்ணிக்கை மாறும்?"

முப்பது வருஷம் சமன்பாட்டின் இரு பக்கத்தையும் சமமாக வைத்துக் காப்பாற்றியவரின் வேதனை அந்தக் கேள்வியில் இருந்தது. 'மெனி எ மேன்' என்று ஊரே திரண்டு வந்தாலும் 'ஹேஸ்'தான் போட வேண்டும் என்பதை அவரிடம் சொல்லவில்லை. அவருக்கு ரத்த அழுத்தம் உண்டு.

இந்த விதிகள் எல்லாம் ஏதோ மலையுச்சியிலிருந்து இறங்கியவை என்று நினைக்க வேண்டாம். எண்ணக்கூடியதற்கு 'ஃப்யூவர்', எண்ண முடியாததற்கு 'லெஸ்' என்று நம்மைப் பயமுறுத்துகிறார்களே, அதை 1770இல் ராபர்ட் பேக்கர் என்பவர் தன் ரசனையாகத்தான் எழுதினார். 'லெஸ்' அதற்குப் பல நூற்றாண்டு முன்பே, ஆல்ஃப்ரெட் மன்னர் காலத்திலிருந்து, எண்ணக்கூடிய சொற்களோடு சகஜமாகக் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது. ஒருவர் 'எனக்கு இது நன்றாக இருக்கிறது' என்றதைப் பின்னால் வந்தவர்கள் சட்டமாக்கிவிட்டார்கள். விளைவு, பிரிட்டனில் டெஸ்கோ கடையில் '10 ஐட்டம்ஸ் ஆர் லெஸ்' பலகையைப் பார்த்துப் பொங்கினார்கள். 2008இல் டெஸ்கோ நைசாக 'அப் டு 10 ஐட்டம்ஸ்' என்று மாற்றி, லெஸ், ஃப்யூவர் இரண்டிடமிருந்தும் தப்பித்தது. பத்தாவது சோப்பு உள்ளே வருமா, வராதா என்பது அடுத்த தகராறு.

பூஜ்யத்துக்கும் ஆங்கிலத்தில் பன்மைதான்: 'ஜீரோ மோட்டார்ஸ்'. 0.5 என்று எழுதினால் அரைக் கிலோமீட்டர்கூடக் 'கிலோமீட்டர்ஸ்'. ஆங்கிலக் கால்வாயைத் தாண்டி பிரான்சுக்குப் போனால் பூஜ்யம் ஒருமை, ஒன்றரையும் ஒருமை, இரண்டைத் தொட்டால்தான் பன்மை. ஒன்றுமில்லாததை எண்ணுவதில் இத்தனை கட்சி.

வாத்தியார் கடைசியில் 'டூ ஆர் மோர் மோட்டார்ஸ் ஆர்' என்று போடலாமா என்றார். கணக்கு சரி, இலக்கணமும் சரி. ஆனால் 'டூ' என்ற சொல்லைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்தது. ரகசியமே அதுதானே.

அப்போதுதான் எனக்குப் பவணந்தியார் கைகொடுத்தார். அவருடைய நன்னூலில் பால்பகா அஃறிணைப் பெயர் என்று ஒன்று உண்டு. 'மாடு வந்தது' என்றாலும் 'மாடு வந்தன' என்றாலும் மாடு மாடுதான். ஒன்றா பலவா என்பதை வினைதான் காட்டிக்கொடுக்கும். "தமிழிலேயே எழுதி, வினையையே போடாமல் விட்டுவிடலாம் சார்" என்றேன். அவர் என்னைக் கட்டிப்பிடிக்காத குறை.

மறுநாள் பலகையில் கொட்டை எழுத்தில் இரண்டே சொல்: 'மோட்டார் பழுது'. சாயங்காலத்துக்குள் அதன் கீழே யாரோ பேனாவால் எழுதியிருந்தார்கள்: 'எத்தனை?'