ரேங்க் கார்டைக் கிழித்துப் போடுங்கள்!

கேள்வி: எட்டு வயது மகளுக்கு வீட்டிலேயே பாடம் சொல்லித் தருகிறோம். ஒரு தோழி மாண்டிசோரி முறையே சிறந்தது என்கிறாள், இன்னொருத்தி கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் என்கிறாள். அவர்கள் பிள்ளைகளைப் பார்த்தாலே நாங்கள் பின்தங்கிவிட்டோமோ என்று பதற்றமாக இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?
- ஒரு வாசகி, கோயம்புத்தூர்

பதில்: பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர், ரேங்க் கார்டை மட்டும் கையோடு எடுத்து வந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே! முதலில் அதைக் கிழித்துப் போடுங்கள், அம்மா. தோழியின் மகன் மடமடவென்று வாசிப்பது உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது. கணக்கைக் கண்டால் அவன் கட்டிலுக்கடியில் ஒளிவது தெரியாது.

உங்கள் மகள் எதைக் கையில் எடுத்தால் சாப்பாட்டை மறக்கிறாள்? எந்த நேரத்தில் ஓயாமல் கேள்வி கேட்கிறாள்? ஒரு மாதம் கவனியுங்கள். 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி தந்த மரியா மாண்டிசோரியும் குழந்தையைக் கவனிப்பதைத்தான் ஆசிரியரின் தலையாய வேலையாக வைத்தார். மரத்தாலான கற்றல் கருவிகளை வாங்கி அடுக்குவது அப்புறம்தான்.

அடுத்து, உங்கள் நேரமும் பணமும். கேம்பிரிட்ஜ் தேர்வுக் கட்டணம் கையைக் கடிக்கும். தமிழ்நாட்டுப் பாடநூல்களையும் என்.சி.இ.ஆர்.டி. நூல்களையும் இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். சான்றிதழை நினைத்து இப்போதே தூக்கம் கெட வேண்டாம். பள்ளிக்குப் போகாதவர்களும் தேர்வெழுதும் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யவே 14 வயது நிரம்பியிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு தமிழ்நாட்டுப் பாடநூலிலேயே தொடங்குங்கள். ஒத்துவரவில்லையா, அடுத்த பருவத்தில் மாற்றிவிடுங்கள். தோழியிடம் கேட்காதீர்கள், மகளிடம் கேளுங்கள்.